அக்காவுக்கு அங்கே ஒரு வீடு இருந்தது

முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கத் தொடங்கிவிட்ட என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். நமக்கு முன்னால் பிறந்தவர்களுக்கு இது புரியாது. பின்னால் பிறந்தவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இருப்பதாகத் தோன்றாது. பிரவுசிங் சென்டரில் அடுத்த ஆளின் தோள் இடிக்க உட்கார்ந்து, அவன் என்ன பார்க்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவேன். பஸ்ஸில் யாராவது காரணமில்லாமல் சிரித்தால் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் இதை வியாதி என்கிறார். வியாதி எல்லாம் இல்லை. நீலகிரி மலையில், எமரால்டில் நான் ஆறாம் வகுப்புப் படித்த பனிக்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அந்தப் பனிக்காலத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் பலியானது என் அக்காவின் படிப்பு.

எங்களுக்கு எஸ்டேட் லைனில் வீடு. அப்பா தேயிலை பேக்டரியில் டிரையர் பக்கம் வேலை. அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். இரண்டு பேர் குடும்பமும் சிலோனிலிருந்து திரும்பி வந்தவை. அக்கா பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதல். பிளஸ் டூ முடித்ததும் ஊட்டி காலேஜில் சேர்ப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எங்கள் லைனிலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அப்பா ஒருநாள் லீவ் போட்டுவிட்டு ஊட்டிக்குப் போய், காலேஜை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்தார். கேட்டு நல்ல உயரம் என்று வந்து சொன்னார். அவருக்கு அதில் அத்தனை பெருமை.

சென்டர் எமரால்டு கடைவீதியில் ஒரு பேக்கரிக்கு மேல் இருந்தது. கீழே வர்க்கி வேகும், அந்த நெய் வாசனை மரப்படி வழியாக எங்களோடு மேலே ஏறிவரும். உள்ளே தொப்பை வைத்த பழைய மானிட்டர்கள் வரிசையாகச் சூடு கிளப்பிக்கொண்டிருக்கும். அந்தக் குளிரில் ஊரிலேயே கதகதப்பான இடம் அதுதான். கீபோர்டில் சில எழுத்துகள் தேய்ந்து காணாமல் போயிருக்கும். ஹெட்போனில் யாருடைய தலை எண்ணெய் வாசனையோ அடிக்கும். நடத்தியவர் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த, கல்யாணமாகாத ஓர் அண்ணன். ஸ்கூல் ப்ராஜெக்ட் என்று சொல்லி அக்கா போவாள். துணைக்கு நான். ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தலாரில் கேரட் கழுவப் போகும் கூலியில் அக்காவே காசு கொடுத்துவிடுவாள் என்பதால் அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த விளையாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் அதைத் தேடக் கிளம்பிவிடுவீர்கள். ஒரு பெரிய தீவு. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் உள்ளே வரலாம். மரம் வெட்டலாம், பன்றி வேட்டைக்குப் போகலாம், கூட்டம் சேர்த்துக்கொண்டு அடுத்த கூட்டத்தோடு அடிதடி செய்யலாம். அக்கா அடிதடிக்குப் போகவில்லை. ஆற்றங்கரையில் ஓர் இடம் பிடித்து, நீல ஓடு போட்டு வீடு கட்டினாள். வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டாள். தோட்டத்தில் என்ன நட்டாள் என்கிறீர்கள்? கேரட். இங்கே கேரட் கழுவிக் கழுவிக் கை வெடித்தது போதாதென்று அங்கே போயும் கேரட். உனக்கு வேறு எதுவுமே தோன்றாதா என்று கேட்டேன். கேரட்டுக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும் என்றுதான் தனக்குத் தெரியும் என்றாள்.

அவள் தோட்டத்தைப் பார்த்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சென்னை, மதுரை, மலேசியா என்று எங்கெங்கிருந்தோ. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள். கொஞ்ச நாளில் அது ஒரு கூட்டமாகி, அக்கா அதற்குத் தலைவியாகிவிட்டாள். யார் யாருடைய பன்றியைத் திருடினார்கள் என்ற பஞ்சாயத்தெல்லாம் அவளிடம்தான் வரும். லைன் குழாயடியில் குடத்தை யாராவது தள்ளி வைத்தால்கூட வாயைத் திறக்காத என் அக்கா, அங்கே தீர்ப்புச் சொல்லுவாள். எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள். தட்டும்போது அவள் முதுகு நிமிர்ந்திருக்கும். குளிரில் விரல் விறைத்துப்போகிறது என்று கம்பளிக் கையுறையின் விரல் நுனிகளை எல்லாம் பிளேடால் வெட்டி வைத்திருந்தாள்.

ஒருநாள் உள்ளே நுழைந்ததும் ஓர் அறிவிப்பு வந்தது. இத்தனை காலம் எங்களோடு இருந்ததற்கு நன்றி, சேவையை நிறுத்துகிறோம் என்று அக்கா எனக்குத் தமிழில் சொன்னாள். கதவைச் சாத்துகிறவன் எதற்காக நன்றி சொல்கிறான்? எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. இன்றைக்கும் யாராவது மெயிலில் நன்றி என்று தொடங்கினால் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பேன்.

அதன் பிறகு அந்தக் கூட்டத்துக்குள் சந்தேகம் புகுந்தது. கம்பெனி பணம் பறிக்கப் பயம் காட்டுகிறது என்றான் மலேசியாக்காரன். வேறு பெயரில் திறக்கப் போகிறார்கள், பழைய ஆட்களைக் கழற்றிவிடுகிறார்கள் என்று இன்னொருத்தி. உங்களில் யாரோ விவரம் தெரிந்தும் மறைக்கிறீர்கள் என்று மதுரைக்காரன். பன்றிக்காக அடித்துக்கொள்ளாதவர்கள்கூட அந்த வாரம் அடித்துக்கொண்டார்கள். அக்கா ஒருவர் மேலும் பழி போடாமல், கடைசி நாள் சாயங்காலம் எல்லோரும் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று மட்டும் தட்டினாள்.

வந்தார்கள். ஆளுக்கொரு விளக்கைக் கொண்டுவந்து கேரட் பாத்தி ஓரமாக வைத்தார்கள். அக்கா திரையைப் படம் படமாக எடுத்துக் கம்ப்யூட்டரிலேயே போட்டு வைத்தாள். பென் டிரைவ் எல்லாம் எங்களிடம் ஏது. திடீரென்று எல்லோரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். கரண்ட் போய்விட்டதா என்று அக்கா மேலே பார்த்தாள். குண்டு பல்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் போனபோது அந்தப் படங்களும் இல்லை. எல்லாக் கம்ப்யூட்டரும் அணைத்துப் போட்டால் பழையபடி துடைத்துக்கொள்ளும்படி வைத்திருப்பதாக அந்த அண்ணன் சொன்னார். வைரஸுக்குப் பயந்தாம். அந்தப் பேச்சை நான் பல வருஷம் நம்பவில்லை. பிரவுசிங் சென்டர்களில் அப்படித்தான் வைப்பார்கள் என்று இப்போது தெரியும். இருந்தாலும் அவர் முந்தின நாளே சொல்லியிருக்கலாம் இல்லையா?

அக்கா அழத் தொடங்கினாள். சும்மா கண் கலங்குவது இல்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுவாள். துணி அலசிக்கொண்டே அழுவாள். அம்மா கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அடுத்த வீட்டு அத்தைக்கு மூக்கு வேர்த்துவிட்டது. "பொட்டப்புள்ள காரணமில்லாம அழுவுமா? எவனோ கைவிட்டிருக்கான்" என்று அவர்தான் முதலில் சொன்னார். அதற்குள் அந்த வெட்டிய கையுறையும் கொடியில் காய்ந்தபோது கண்ணில் பட்டுவிட்டது. எவன் கையைப் பிடிக்க விரலை வெட்டி வைத்திருக்கிறாள் என்று அதற்கும் ஓர் அர்த்தம் கிடைத்தது. மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்தால் விடுமா லைன்.

அம்மா கொழுந்துக்குப் போயிருந்த நேரத்தில் அப்பா என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் என்னை அடித்ததில்லை, அதனால் பயமில்லாமல் உண்மையைச் சொன்னேன். அக்காவுக்கு அங்கே ஒரு வீடு இருக்கிறது என்றேன். அப்பா முகம் மாறியது. யார் கட்டிக் கொடுத்தது என்றார். அக்காவே கட்டியது என்றேன். அங்கே யாரெல்லாம் வருவார்கள் என்றார். நிறையப் பேர், மலேசியாவிலிருந்துகூட வருவார்கள் என்றேன். எனக்கு அதில் பெருமை வேறு. அப்பா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கம்ப்யூட்டருக்குள்தான் அப்பா, விளையாட்டுத்தான் என்று பிறகு எவ்வளவோ சொன்னேன். பிள்ளையைச் சொல்லிக்கொடுத்துத் தயார் பண்ணி வைத்திருக்கிறாள் என்று அதையும் அக்கா தலையில் போட்டார்.

அடுத்த நாள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் சென்டருக்கு அழைத்துப் போனார். அக்காவுக்குத் தெம்பு வந்துவிட்டது. நேரில் பார்த்தால் நம்பிவிடுவார் என்று ஓடி உட்கார்ந்து தட்டினாள். பக்கம் திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். வெள்ளைத் திரையில் ஒரு வரி ஆங்கிலம் மட்டும் வந்தது.

"ஏனுங்க தம்பி, எம்புள்ள தினமும் பாத்ததக் காட்டுங்க" என்றார் அப்பா.

"அத மூடிட்டாங்கண்ணா. சர்வர நிறுத்திட்டாங்க."

"சரிங்க. மூடுன கதவக் காட்டுங்க."

அந்த அண்ணன் விழித்தார். கதவெல்லாம் கிடையாது, அது எங்கேயோ வெளிநாட்டில் ஒரு மிஷினில் இருந்தது, அணைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்றார். அப்பா அக்காவைப் பார்த்தார். "எந்திரி" என்றார்.

அப்பாவை இப்போது எனக்குப் புரிகிறது. மூடுவதைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. பிக்கட்டிப் பக்கம் ஒரு எஸ்டேட் பேக்டரியை மூடியபோது, ராவோடு ராவாக மிஷினைக் கடத்திவிடுவார்கள் என்று தொழிலாளிகள் முறை வைத்துக் கேட்டில் காவல் இருந்தார்கள். அங்கே வேலை செய்த சித்தப்பாவுக்காக எங்கள் அப்பாவும் போய் உட்கார்ந்தார். அந்தப் பேக்டரி திரும்பத் திறக்கவே இல்லை. ஆனால் வேலை நேரத்துக்கு ஊதும் சங்கு அங்கேயேதான் தொங்கியது. ரோலர் துருப்பிடித்துக் கிடந்தது. கூரைத் தகரம் காற்றில் அடித்துக்கொண்டது. எதை மூடினாலும் கொஞ்சம் மிஞ்சும் என்பதுதான் அவர் பார்த்த உலகம். ஒரு பூட்டுகூட மிஞ்சாத இடத்தில், அப்படி ஒன்று இருந்தது என்று ஒரு பெண் சொன்னால் அது பச்சைப் பொய். அதை எங்கள் லைனில் யாரும் வேறு மாதிரி நினைத்திருக்க மாட்டார்கள்.

காட்ட எதுவும் இல்லாததால் சந்தேகம் சென்டர் அண்ணன் பக்கம் திரும்பியது. அவர் கொஞ்ச நாளில் கடையைக் காலி செய்துவிட்டுப் போனார். பயந்து ஓடிவிட்டான் என்று லைனில் பேசினார்கள். அரையாண்டுப் பரீட்சையோடு அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். கணக்கு டீச்சர் வீடு தேடி வந்து கேட்டுப் பார்த்தார். குடும்ப விஷயம் என்று அப்பா சொல்லி அனுப்பினார். அம்மா அடுப்படியைவிட்டு வெளியே வரவே இல்லை. அக்கா கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு அம்மாவோடு போனாள். வயது நிரம்பியதும் இத்தலாரில் கல்யாணம் பண்ணிக் கொடுத்தார்கள். மாமா நல்ல மனுஷர், அதை மறைக்க மாட்டேன். குத்தகை நிலத்தில் கேரட் போடுகிறார். அக்கா அதன் பிறகு எந்தக் கம்ப்யூட்டரையும் தொட்டதில்லை. நான் காலேஜ் போனேன், கோயமுத்தூரில் வேலைக்கும் போனேன். அக்காவுக்குப் பார்த்து வைத்த கேட்டுக்குள் நான் நுழைந்தேன்.

போன வருஷம் ஆபீஸில் பக்கத்து மேஜைப் பெண்ணிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். இந்த மாதிரி விளையாட்டுகள் மூடியபின் என்ன ஆகும் என்று கேட்டேன். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அப்படியே போய்விடும் என்றாள். நம் கம்ப்யூட்டரில் இருப்பது வெறும் வாசல்தான், ஊர் அவர்கள் மிஷினில் இருக்கும், அந்த மிஷினைத் துடைத்து வேறு வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். சிலதுக்கு மட்டும், பழைய ஆட்டக்காரர்கள் விடாமல் பிடித்துக்கொண்டு, மிச்சம் மீதியைச் சேர்த்துத் தாங்களே ஒரு சர்வர் போட்டுத் திறப்பார்களாம். கம்பெனி கண்ணை மூடிக்கொண்டால் ஓடும், கோபித்துக்கொண்டால் நின்றுவிடும். தேடிப் பார்த்தேன். எங்கள் தீவும் இருந்தது. சும்மா கொடுக்கிறார்கள் என்றதும் எனக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? வைரஸ் இருக்குமோ, பேங்க் கணக்கைத் திருடுவார்களோ என்று பயந்து, ஒரு பழைய லேப்டாப்பில் போட்டுத் திறந்தேன்.

அதே இசை. ஆள் நடமாட்டமே இல்லை. யாரோ ஒருவர் தூரத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரைக்கு நடந்து போனேன். ஆறு இருந்தது, பாறை இருந்தது. அக்காவின் வீடு இல்லை. தீவைத்தான் அவர்களால் திரும்பச் செய்ய முடிந்திருக்கிறது. அதில் யார் யார் என்னென்ன கட்டினார்கள் என்பதெல்லாம் அந்தத் துடைத்த மிஷினோடு போய்விட்டது. வெறும் புல்தரைதான் கிடந்தது.

இருந்தாலும் எனக்கு ஒரு வெறி. அப்பா இதைப் பார்க்காமலேயே போய்விட்டார். அம்மாவாவது பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு, தப்புப் பண்ணிவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா இப்போது காலனி வீட்டில் தனியாக இருக்கிறாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவள் முன்னால் வைத்து, ஆற்றங்கரை வரைக்கும் நடத்திக் காட்டினேன். இது என்ன என்று நான் சொல்லவில்லை. அவளாகக் கேட்கட்டும் என்று இருந்தேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"வாசல்ல ஒரு கொய்யா மரம் வச்சிருந்தாளே, அது எங்க?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொய்யா மரத்தை நானே மறந்துபோயிருந்தேன். இருந்தது. வாசலுக்கு இடது பக்கம் இருந்தது. உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அக்காதான் சொன்னாளாம். அப்பா சென்டரிலிருந்து கூட்டிவந்த அன்றைக்கு, அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள்.

"நீ நம்புனியாம்மா?"

"நம்பாம? எம்புள்ளைக்குப் பொய் சொல்ல வராது."

அப்புறம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அம்மா கத்தவில்லை. லேப்டாப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"உங்க பெரியம்மாவ, எங்கக்காவ, நீ பாத்ததில்ல. கப்பல்ல வந்து எறங்குன நாள்ல இருந்து அங்கிட்டு விட்டுட்டு வந்த தோட்டத்து லயத்து ஊட்ட நெனச்சு அழுதுக்கிட்டே கெடந்தா. அந்த ஊடு அங்கேயேதான் கண்ணு இருந்துச்சு. அதுக்கே பேய் புடிச்சிருக்குன்னு கோயில்ல கட்டிப் போட்டு அடிச்சாங்க. நாஞ் சின்னப்புள்ள, பாத்துக்கிட்டு நின்னேன். சாவுற வரைக்கும் அவ பேய் புடிச்சவதான். ஒருத்தனும் கட்டிக்கல. எம்மக இல்லாத ஊட்டுக்கு அழுவுறான்னு நான் எப்புடிச் சொல்லுவேன்? எவனோ ஒரு பையன்னா நாலு நாள் பேசிட்டு மறந்துருவாங்க. பேயின்னா மறக்க மாட்டாங்க."

அப்பாவிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் குடித்துவிட்டு நாலு பேரிடம் உளறிவிடுவார் என்று பயமாம். பையன் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாளாம். படிப்பு போகும் என்று தெரியும்தானே என்றேன். தெரியும் என்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். நான் கேட்க வந்த அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெம்பில்லை.

என் புத்தி சும்மா இருக்குமா? தன் தப்பை மறைக்க இத்தனை வருஷம் கழித்து அம்மா கதை கட்டுகிறாளோ என்று தோன்றியது. கோத்தகிரியில் இருக்கும் அம்மாவின் தம்பிக்குப் போன் போட்டு, பெரியம்மாவைப் பற்றிக் கேட்டேன். உண்மைதான் என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டேன். தீவு திரும்ப வந்திருக்கிறது என்றேன். அப்படியா என்றாள், வேண்டாத சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்று கேட்டதுபோல. வீடு இல்லை என்றேன். எப்படி இருக்கும் என்றாள். பின்னால் கேரட் கழுவும் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அப்போதே எல்லாம் தெரியும், நீ சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாள், பெரியம்மாவுக்கு ஆனது உனக்கும் ஆகிவிடும் என்று பயந்துதான் பேசாமல் இருந்திருக்கிறாள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அக்காவுக்கு இது ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

யாரிடமோ மிஷினை நிறுத்தச் சொன்னாள். சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று அக்கா, அக்கா என்றேன்.

"நம்பலைன்னு நெனச்சுத்தான் பாப்பா," என்றாள், "நான் அம்மாவ மன்னிச்சேன்."